அம்மாவின் தேய்ப்புப் பலகை

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்விளக்கு, தொலைபேசி, நீராவி இயந்திரம், விமானம் என்று படங்களை வெண்பலகையில் ஒட்டி, கண்டுபிடித்தவர் பெயரை எதிரே எழுதும்படி சொல்லியிருந்தேன். பிள்ளைகள் எழுதி முடித்து நோட்டுகளை என் மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் உட்காரும் ஒரு சிறுமி மட்டும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், எல்லாரும் வெள்ளைக்கார ஆம்பளைங்களாவே இருக்காங்களே. நம்மள மாதிரி உள்ளவங்க யாரும் ஒண்ணும் கண்டுபிடிக்கலையா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "நீதான் பெரியவளாகிக் கண்டுபிடிக்கணும்" என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லி அவளை உட்கார வைத்தேன். மணி அடித்தது. பாடம் முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வி முடியவில்லை. அது என்னோடு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஜெலாப்பாங்கில் எங்கள் வீடு ஒரு தாமான் வரிசை வீடு. வாசலில் நின்றால் கிளெடாங் மலை தெரியும். அன்று இரவு மறுநாள் பள்ளிக்கு உடுத்த வேண்டியதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தார்.

"கைய ரெண்டா மடிச்சுத் தேய்க்காத. பலகைய உள்ள விட்டுத் தேய். அந்தப் பக்கம் கோடு விழும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. பல ஆண்டுகளாக நான் மறந்திருந்த, இல்லை, மறக்க விரும்பியிருந்த ஒரு பலகை என் கண்முன் வந்து நின்றது.

வாசகப் பெருமக்களே, அந்தப் பலகையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு, கடல் கடந்த ஒரு கறுப்பினப் பெண்மணியின் கதைக்கு வருகிறேன். இரண்டும் வேறு வேறு கதைகள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

ஜெலாப்பாங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இன்று அந்தத் தோட்டமே இல்லை. பால்மரங்கள் நின்ற இடத்தில் வீடுகள் நிற்கின்றன. அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கும் இடுப்பில் புகையும் கொசுவர்த்தியுமாக நிரைக்குப் போவார். நண்பகலுக்குப் பிறகு பாலை ஸ்தோரில் நிறுத்துவிட்டு வீடு திரும்புவார். மற்றப் பெண்கள் சற்றுக் கண்ணயரும் அந்த நேரத்தில்தான் அம்மாவின் இரண்டாவது வேலை தொடங்கும். துரை பங்களாவிலிருந்தும் கிராணி வீடுகளிலிருந்தும் வரும் துணிகளைத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. ஓர் உருப்படிக்குச் சில காசுகள். அந்தக் காசில்தான் என் பள்ளிப் புத்தகங்கள் வந்தன.

அப்போது எங்கள் லயத்திற்கு மாலையில் சில மணி நேரம் மட்டும்தான் மின்சாரம். அதுவும் தோட்டத்து இயந்திரம் தரும் மின்சாரம். விளக்கு எரியும், மின்சார இஸ்திரிப் பெட்டியைத் தாங்காது. ஆகவே கரிப் பெட்டிதான். தேங்காய்ச் சிரட்டையை எரித்துக் கரியாக்கி, பெட்டிக்குள் போட்டு, விசிறி, கங்கு சிவந்ததும் மூடியைச் சாத்துவார். சூடு சரியா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார். பெட்டியின் அடியை வாழை இலையில் ஒரு முறை ஓட்டி எடுப்பார். அதன் பிறகுதான் துரையின் வெள்ளைச் சட்டையில் பெட்டி படும்.

சட்டையில் எல்லாம் எளிது, கைதான் தொல்லை. கையைத் தட்டையாக மடித்துப் போட்டுத் தேய்த்தால் இரண்டு ஓரத்திலும் கத்தி வைத்தாற்போல் கோடு விழும். துரைசானி அம்மாளின் கவுன் என்றால் இன்னும் கடினம். தோளில் சுருக்கம், இடுப்பில் வளைவு. மேசையில் போட்டால் ஒரு பக்கம் நேராகும், மறுபக்கம் கசங்கும். இரண்டு மூன்று முறை துணி திரும்பி வந்தது. திரும்பி வந்த துணிக்குக் காசு கிடையாது.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஸ்தோரில் சாமான் வந்த பெட்டியிலிருந்து ஒரு நீளப் பலகையைக் கேட்டு வாங்கி வந்தார். பால் வெட்டும் கத்தியைத் தீட்டும் கல்லிலேயே ஒரு பழைய கத்தியைத் தீட்டி, பலகையின் ஒரு முனையைச் சீவிச் சீவிக் குறுகலாக்கினார். ஓரங்களை உருட்டினார். பழைய கம்பளியை அதன்மேல் சுற்றி, அதற்கும் மேல் வெள்ளைத் துணியை இழுத்துத் தைத்தார். அகன்ற முனையை விசுப்பலகையில் வைத்து அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றிவிட்டால், குறுகிய முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். சட்டைக் கையை அதில் உறைபோல மாட்டி, சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். ஒரு கோடு விழாது. கவுனின் தோள்பட்டையும் அதில் அழகாக உட்காரும்.

அதன் பிறகு ஒரு துணியும் திரும்பி வரவில்லை. ஒரு நாள் பங்களாவிலிருந்து ஆள் வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் தோட்டத்துத் தச்சர் அதேபோல் ஒன்றைச் செய்து பங்களாவுக்குக் கொடுத்தார். பிறகு கிராணி வீட்டுக்கும் ஒன்று. எல்லாரும் அதைத் "தச்சர் பலகை" என்றார்கள். அந்தப் பலகை வந்த பிறகு பங்களாவிலேயே துணி தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு வந்த துணி பாதியாகக் குறைந்தது. அம்மா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. "நாலு பேருக்கு உதவுதுல்ல, விடு" என்றார்.

எனக்கு அந்தப் பலகை என்றாலே வெட்கம். பள்ளியில் பிள்ளைகள் என்னைக் "கரிக்காரி மக" என்பார்கள். தோழிகள் வீட்டுக்கு வந்தால் பலகையைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைப்பேன். 1990களின் கடைசியில் தோட்டம் கைமாறி, நாங்கள் ஜெலாப்பாங்குக்குக் குடிபெயர்ந்தோம். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா அந்தப் பலகையையும் கொண்டுவந்து வைத்தார். "இது எதுக்கம்மா, அங்கே கரண்ட் இருக்கு" என்று சொல்லி, நான்தான் அதை எடுத்து லயத்துக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் எறிந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. லாரியின் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இத்தனையும் அன்று இரவு நினைவுக்கு வந்தது. நான் தேய்த்துக்கொண்டிருந்த பலகையைக் குனிந்து பார்த்தேன். ஈப்போவில் ஒரு கடையில் வாங்கியது. மடக்கினால் சுவரில் சாய்த்து வைக்கலாம். ஒரு முனை குறுகல், ஓரம் உருட்டல், மேலே பஞ்சு, அதன்மேல் துணி. கால் மட்டும்தான் புதிது. மற்றதெல்லாம் என் தாயாரின் பலகை! இதை உலகத்துக்கு முதலில் செய்து கொடுத்தவர் யார்? தேடிப் படித்தேன். அப்போதுதான் சாரா பூன் என்ற அம்மையாரைச் சந்தித்தேன்.

சாரா 1832ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், நியூ பெர்ன் என்ற ஊரை அடுத்த பகுதியில் பிறந்தவர். கறுப்பின மக்களை ஆடுமாடுகளைப்போல் விலை பேசி வாங்கி, பருத்தி வயல்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் வேலை வாங்கிய காலம் அது. அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றம் என்று அந்த மாநிலம் 1830ஆம் ஆண்டுச் சட்டமன்றத்தில் சட்டம் இயற்றியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவனை அடக்கி வைக்க முடியாது என்பதை ஆண்டவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்!

1847இல், தம் பதினைந்தாம் வயதில், ஜேம்ஸ் பூன் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவரை சாரா மணந்துகொண்டார். பிள்ளைகள் எட்டுப் பேர். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் மூண்டது. அதற்கு முன்பே குடும்பம் வடக்கே கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரத்துக்குக் குடியேறிவிட்டது. கணவர் செங்கல் அடுக்கும் கொத்தனார். சாரா பெண்களுக்கு உடை தைத்துக் கொடுக்கும் தையற்காரர்.

அக்காலத்துச் சீமாட்டிகளின் உடையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் மேற்சட்டை, உடம்போடு ஒட்டிய நீளக் கை, எங்கு பார்த்தாலும் வளைந்து செல்லும் தையல். அப்படிப்பட்ட உடையைத் தைத்தால் மட்டும் போதாது. சுருக்கமின்றித் தேய்த்துக் கொடுத்தால்தான் தையற்காரிக்குப் பேர். பலரும் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டோ, சாப்பாட்டு மேசையிலோதான் தேய்த்தார்கள். தட்டையான பலகையில் வளைந்த உடை எப்படிப் படியும்?

சாரா பூன் செய்த பலகை குறுகலானது. சட்டைக் கைக்குள் நுழையக்கூடியது. கையின் உள்தையலுக்கும் வெளித்தையலுக்கும் ஏற்றாற்போல் ஓரங்கள் வளைந்தவை. திருப்பிப் போட்டால் கையின் மறுபக்கத்தையும் தேய்க்கலாம். மேலே மெத்தை வைத்தது. தேவையில்லாதபோது மடித்து வைக்கத்தக்கது. 1891ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தார். 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் 4,73,653 என்ற எண்ணுள்ள காப்புரிமை அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு அறுபது வயது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "தேய்ப்புப் பலகையை முதன்முதலில் கண்டுபிடித்தவர் சாரா பூன்" என்று சிலர் எழுதுவது சரியல்ல. தேய்ப்பு மேசைகளுக்கு 1858ஆம் ஆண்டிலிருந்தே காப்புரிமைகள் இருந்தன. சாரா செய்தது திருத்தம். ஆனால் என்ன திருத்தம்! உடையை நாள்தோறும் கையில் எடுத்தவருக்குத்தான் அது தோன்றும். துணியைத் தொட்டறியாத ஒருவர் மேசை செய்யலாம். சட்டைக் கைக்குள் நுழையும் பலகையைச் செய்ய, திரும்பி வந்த துணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும்.

அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் தைத்த செய்தி வேறொன்று. சாரா எழுதப் படிக்கக் கற்றதே நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து, ஊசியும் நூலுமாக உழைத்து ஓய்ந்த பிறகு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். அந்த எழுத்துதான் பின்னால் காப்புரிமைத் தாளில் கையொப்பமாக நின்றது. 1904இல் அவர் காலமானார். ஆனால் அந்தத் தாள் இன்றும் இருக்கிறது; யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

சாராவுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்கவில்லை. மிஸிஸிப்பி மாநிலத்தில் நெட் என்ற ஓர் அடிமை, பருத்தி வயலுக்கான ஒரு கருவியை உருவாக்கினார். அவருடைய எசமானர் தம் பெயருக்குக் காப்புரிமை கேட்டார். 1858இல் அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரி சொன்ன தீர்ப்பைக் கேளுங்கள்: அடிமை குடிமகன் அல்லன், ஆகவே அவனுக்கு உரிமை இல்லை, எசமானர் கண்டுபிடிக்கவில்லை, ஆகவே அவருக்கும் இல்லை. எசமானரோ உரிமை இல்லாமலே கருவியைச் செய்து விற்றார். நெட்டுக்கு எஞ்சியது அந்த ஒற்றைப் பெயர்தான். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகுதான் அந்த வழக்கும் ஒழிந்தது.

1884ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரத்து ஜூடி ரீட் என்ற கறுப்பினப் பெண் ரொட்டி மாவைப் பிசைந்து உருட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமை பெற்ற கறுப்பினப் பெண்களில் மிக முந்தியவர்களில் ஒருவர் அவர். அவருடைய தாளில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறிதான் இருக்கிறது. எழுதத் தெரியாதவர் இட்ட கீறல் அது. இயந்திரத்தை நினைத்துப் பார்க்கத் தெரிந்த மூளைக்குத் தன் பெயரை எழுத யாரும் சொல்லித் தரவில்லை.

எல்லன் எக்லின் என்று இன்னொரு பெண். அவரும் வாஷிங்டன் நகரத்தவர்தான். வீட்டு வேலை செய்தவர். துவைத்த துணியைப் பிழிய இரண்டு உருளைகள் கொண்ட ஒரு பொறியை உருவாக்கினார். 1888இல் அதை ஒரு முகவரிடம் வெறும் 18 டாலருக்கு விற்றுவிட்டார். வாங்கியவருக்கு நல்ல லாபம். ஏன் விற்றீர்கள் என்று பின்னர் ஒரு பெண்கள் பத்திரிகை கேட்டபோது, தாம் கறுப்பினப் பெண் என்று தெரிந்தால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அந்தப் பொறியை வாங்கமாட்டார்கள் என்று அவர் காரணம் சொன்னார்.

இதைப் படித்தபோது "தச்சர் பலகை" என்ற சொல் என் காதில் ஒலித்தது. நம் முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவர்கள் அல்லர். அந்தக் கொடுமையையும் நம் கதையையும் ஒன்றாக்கிப் பேசுவது முறையாகாது. ஆனாலும் ஒப்பந்தக் கூலிகளாகவும் பிறகு கங்காணி முறையிலும் கப்பலேறி வந்தவர்கள் நாம். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. 1938இல் இந்திய அரசு கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. அத்தனை ஆண்டுகளில் தோட்டத்துப் பெண்களின் கை கண்ட உபாயங்கள் எத்தனை! சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் காட்டினார் என்று படிக்கிறோம், பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் இருட்டில் நிரைக்குப் போய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மழைக்கும் கொசுவுக்கும் அட்டைக்கும் ஆளுக்கொரு வழி கண்ட பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏன்? எழுதி வைக்க அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நாமும் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் வகுப்புக்கு இரண்டு படங்கள் கொண்டுபோனேன். ஒன்று சாரா பூனின் பலகை வரைபடம். மற்றொன்று நம் இனத்துப் பெண் ஒருத்தியின் படம். தமிழ்நாட்டுத் திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர். பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு தள்ளுவண்டிக்காரர் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டுவதை இந்தச் சிறுமி பார்த்தாள். இந்தியாவில் தெருவோரம் இஸ்திரி போடுபவர்கள் பலர் இன்றும் கரிப் பெட்டிதான் பயன்படுத்துகிறார்கள். புகை அவர்கள் நெஞ்சுக்குள், சாம்பல் தெருவில், கரிக்காக மரம் அடுப்பில். வெயில்தான் வீணாகக் காய்கிறதே என்று எண்ணி, கூரையில் சூரியத் தகடு பதித்த இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தாள். ஐந்து மணி நேரம் நல்ல வெயில் பட்டால் ஆறு மணி நேரம் துணி தேய்க்கலாம். வண்டிக்காரர் கைப்பேசிகளுக்கு மின்னேற்றிக் கொடுத்துக் கூடுதலாக நாலு காசும் பார்க்கலாம். 2020இல் சுவீடன் நாட்டில் சிறுவர்களுக்கான பருவநிலைப் பரிசு அவளுக்குக் கிடைத்தது. 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானாள். அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் உலகத் தலைவர்கள் கூடிய பருவநிலை மாநாட்டில் பேசினாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் இல்லை.

படங்களைக் காட்டிக் கதையைச் சொல்லி முடித்தேன். பின்வரிசைச் சிறுமியை எழுப்பி, "நேற்று நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நான் சிரித்தது தவறு" என்றேன். வகுப்பு நிசப்தமாயிற்று. ஆசிரியர் தவறு என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலும். பிறகு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். "உங்கள் அம்மா, பாட்டி, தாத்தா, யாராவது வேலையை எளிதாக்கத் தாங்களே செய்துகொண்ட ஒரு பொருளைக் கேட்டு வந்து எழுதுங்கள். செய்தவர் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும்."

இருபத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் எழுதி வந்தார்கள். மிதிவண்டிச் சக்கரத்துக் கம்பியால் செய்த முறுக்கு எடுக்கும் கொக்கி. தோசைக்கல்லில் எண்ணெய் தடவ, பழைய துணியும் மூங்கிலும் சேர்த்த கட்டை. கால் வலிக்காரப் பாட்டி உட்கார்ந்தபடியே கூட்டுவதற்கு வளைத்துக் கட்டிய துடைப்பம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர். அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. புதிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறலாம்; இருக்கிற பொருளில் செய்த சிறிய புத்தாக்கத்துக்கென்று தனிச் சான்றிதழும் உண்டு. மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் விழாக்களும் புத்தாக்கப் போட்டிகளும் நடக்கின்றன. "இதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்று ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளை எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தால் அதட்டாதீர்கள். முதலில் நாள் போட்டு, பெயர் போட்டு, படம் வரைந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதி வைக்காத அறிவு, பூட்டில்லாத வீடு. யாரும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படியெல்லாம் ஊருக்கு உபதேசம் சொல்லும் எனக்கு என் வீட்டில் ஒரு கடன் பாக்கி இருந்தது.

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் சம்பளத்துக்குக் கைநாட்டு. தோட்டம் விட்டபோது கைநாட்டு. பல ஆண்டுகளுக்கு முன், சேமிப்புப் பணம் எடுக்க அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கும் மைப்பெட்டியை நகர்த்தினார்கள். வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மாள், "மக என்ன வேலை பாக்குறா?" என்று கேட்டார். "டீச்சர்" என்று அம்மா பெருமையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே மை படிந்த கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவள் நான். என்னைப் படிக்க வைத்தவருக்கு ஓர் எழுத்துக்கூடச் சொல்லிக் கொடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இந்த வயதில் எதற்கு என்று நானே முடிவு கட்டியிருந்தேன். சாரா பூன் எழுத்துக் கூட்டத் தொடங்கிய வயது, ஏறக்குறைய இன்றைய என் வயது.

அன்று மாலை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னேன். பலகையின் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு எத்தன புள்ளைங்க?"

"எட்டும்மா."

"எட்டா! அப்ப எப்பதான் தூங்குனாளோ பாவம்."

மறுபடியும் படத்தைப் பார்த்தார். விரலால் பலகையின் கால்களைத் தொட்டார்.

"இது மடங்குதுல்ல? அதான் எனக்குத் தோணல. நான் அம்மிக்கல்லத் தூக்கித் தூக்கி வச்சேன்."

நான் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, அந்தப் பலகைய நான்தான் குழியில எறிஞ்சேன்."

"தெரியும். நான் லாரியில இருந்து பாத்தேன்."

"ஏம்மா அப்ப ஒண்ணும் சொல்லல?"

"நீ காலேசுக்குப் போகப் போற சந்தோசத்துல இருந்த. பலகைதான, போனா போவுது."

அவ்வளவுதான். என்னைக் குறைகூறி ஒரு சொல் இல்லை. அது ஒன்றே எனக்குப் போதுமான தண்டனை.

பள்ளியில் மிச்சமிருந்த ஒரு நான்கு கோட்டு நோட்டையும் பென்சிலையும் எடுத்து அம்மாவின் முன் வைத்தேன். முதலில் சிரித்தார். "எழுவது தாண்டிப் போச்சு, இனிமே எழுதி என்ன வேலைக்கா போகப் போறேன்?" என்றார். பிறகு யோசித்தார். "சரி. பேரு எழுதக் கத்துக்கறேன். கிளினிக்குல மை தடவுனா ரெண்டு நாளைக்குப் போக மாட்டேங்குது" என்றார்.

அம்மாவின் பெயரில் நான்கு எழுத்துகள். நாளுக்கு ஓர் எழுத்து என்று தொடங்கினோம். பால் வெட்டிப் பழகிய கை. பென்சிலைக் கத்தியைப்போல் இறுக்கிப் பிடிக்கிறது. அழுத்தத்தில் முனை ஒடிந்துபோகிறது. மூன்றாவது எழுத்தின் சுழி மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. "நாளைக்கு வரும்" என்கிறார்.

நோட்டின் முதல் பக்கத்தில் நான் ஒரு பலகையின் படம் வரைந்திருக்கிறேன். ஒரு முனை குறுகல், ஓரம் உருட்டல், மேலே கம்பளி, அகன்ற முனையில் ஓர் அம்மிக்கல். படத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். செய்தவர் பெயரை அவரே எழுதட்டும் என்று காத்திருக்கிறேன்.